தோற்ற அணிகளின் கதை – 7: தலைவாஸின் கடைசி இடம்

சென்ற பகுதியில் டெக்சாஸில் இருந்தோம். பிரெய்ரி வியூ ஏ அண்ட் எம் என்ற கறுப்பினத்தவர் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி 1989 முதல் 1998 வரை வரிசையாக 80 ஆட்டங்களில் தோற்ற கதை அது. ஒரு காலத்தில் கறுப்பினக் கல்லூரிகளுக்குள் சாம்பியன் பட்டம் கண்ட அணி. பணக் குளறுபடியில் 1990 சீசனையே ரத்து செய்தார்கள். பிறகு ஆட்டக்காரர்களுக்கு உதவித்தொகை இல்லாமலே அணியை ஓட்டினார்கள். 1998 செப்டம்பர் 26 அன்று லாங்ஸ்டன் பல்கலைக்கழகத்தை 14-12 என்று வென்ற பிறகுதான் அந்தக் கணக்கு முடிந்தது. கையில் காசில்லாத அணி தோற்றது. அதில் துப்பறிய ஒன்றுமில்லை.

இந்த வாரம் ஊர் திரும்புகிறோம். இந்தக் கதையில் காசு இருந்தது. சச்சின் டெண்டுல்கர் பங்குதாரராக இருந்தார், கமல்ஹாசன் விளம்பரத் தூதராக இருந்தார், உலகக் கோப்பையை வென்று தந்தவர் கேப்டனாக இருந்தார். எல்லாம் இருந்தும் 2017, 2018, 2019 என மூன்று சீசன்களில் கடைசி இடம். தமிழ் தலைவாஸ் என்ற பெயரைக் கேட்டாலே கபடி ரசிகர்கள் பெருமூச்சு விட்ட காலம் அது.

சேலம்-16, ஃபேர்லேண்ட்ஸில் உட்கார்ந்து கபடியைப் பற்றி எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான். இங்கே ஆஸ்பத்திரி உண்டு, சாரதா கல்லூரி உண்டு, நகைக்கடை உண்டு; மண் ஆடுகளம் மட்டும் கிடையாது. இந்தத் தெருக்களில் பிள்ளைகள் பேட்மிண்டன் மட்டையோடு ஸ்கூட்டரில் போகிறார்கள். கபடி பார்க்க வேண்டுமென்றால் ஓமலூர் பக்கமோ, தாரமங்கலம், சங்ககிரி, இராசிபுரம் பக்கமோ வண்டியை விட வேண்டும். பொங்கலுக்கும் மாரியம்மன் நோன்பிக்கும் அங்கே சுவரெங்கும் 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி' என்று போஸ்டர் ஒட்டியிருக்கும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, சுழற்கோப்பை, உபயதாரர் படம் எல்லாம் அதிலேயே இருக்கும். விடிய விடிய நடக்கும் அந்த ஆட்டங்களில் வளர்ந்தவர்களும் இந்தக் கதையில் வருகிறார்கள். எந்த அணியின் சட்டையோடு வருகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

புரோ கபடி லீக் 2014 ஜூலையில் எட்டு அணிகளோடு தொடங்கியது. சடுகுடு பிறந்த மண் என்று மார்தட்டும் தமிழ்நாட்டுக்கு அதில் இடமில்லை. 2017-ல் ஐந்தாவது சீசனுக்குக் குஜராத், ஹரியானா, உத்தரப் பிரதேசம், தமிழ்நாடு என நான்கு அணிகளைச் சேர்த்தார்கள். மொத்தம் 12 அணிகள், 138 ஆட்டங்கள், மூன்று மாதம். அணிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். தலைவாஸ் 'பி' பிரிவு.

பயிற்சியாளர் கே. பாஸ்கரன். 2014-ல் முதல் கோப்பையை ஜெய்ப்பூருக்கு வாங்கிக் கொடுத்தவர். கேப்டன் இமாச்சலப் பிரதேசத்து அஜய் தாகூர். 2016 அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அவரை மறக்காது. இடைவேளையில் ஈரானிடம் 13-18 என்று பின்தங்கியிருந்த இந்தியா 38-29 என்று வென்றது. தாகூர் மட்டும் 12 புள்ளி. உட்கார்ந்தவாக்கில் தவளைபோல எம்பி, பிடிக்க வந்தவர்களின் தலைக்கு மேலே தாண்டிப் போகிற அந்தப் பாய்ச்சலைப் பார்க்கவே தனிக் கூட்டம் உண்டு.

2017 ஜூலை 28, ஆடி வெள்ளி. ஹைதராபாத் கச்சிபௌலி உள்ளரங்கில் சீசனின் முதல் ஆட்டம், தெலுங்கு டைட்டன்ஸுக்கு எதிராக. 32-27 என்று தோல்வி. எதிரணியில் ராகுல் சவுத்ரி. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வருடம் கழித்துத் திரும்ப வருவார்.

முதல் சீசன் முடிந்தபோது 22 ஆட்டங்களில் 6 வெற்றி, 14 தோல்வி, 2 சமன். பிரிவில் கடைசி. சரி, புது அணி, முதல் வருடம் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லலாம். ஆனால் அதே வருடம் வந்த குஜராத் நேரே இறுதி ஆட்டத்துக்குப் போனது. ஆகவே அந்தச் சமாதானம் எடுபடவில்லை.

புள்ளிப் பட்டியலில் ஒரு ரகசியம் இருக்கிறது. அப்போது புரோ கபடியில் வென்றால் 5 புள்ளி, சமன் என்றால் 3. ஏழு புள்ளிக்கு மேற்படாத வித்தியாசத்தில் தோற்றால் ஆறுதலாக 1. தலைவாஸ் 2017-ல் எடுத்தது 46. ஆறு வெற்றிக்கு 30, இரண்டு சமனுக்கு 6, ஆக 36. மீதி 10 புள்ளியும் ஆறுதல் புள்ளிகள். அதாவது 14 தோல்வியில் 10 தோல்வி நூலிழையில் வந்தவை. அந்த அணியை யாரும் போட்டு மிதிக்கவில்லை. கரைக்குப் பக்கத்தில் வந்து வந்து மூழ்கியது. "நல்லாத்தான் ஆடறாங்க, கடைசியில விட்டுர்றாங்க" என்று அந்த வருடம் கபடி பார்த்த எல்லோரும் சொன்னதற்கு இந்தப் பட்டியலே சாட்சி.

கடைசியில் விடுவது என்றால் என்ன? கபடி தெரியாதவர்கள் பாடிப் போகிறவனை மட்டுமே பார்ப்பார்கள். டிவியும் அவனைத்தான் காட்டும். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் பிழைக்க வைப்பது பிடிக்கிறவர்கள்தான். ஏழு பேர் நிற்கிறார்கள். இரண்டு ஓரங்களில் கார்னர், அவர்களை ஒட்டிக் கவர். கார்னர் கணுக்காலைப் பிடித்த மறுநொடி கவர் மேலே விழ வேண்டும். அரை நொடி பிந்தினாலும் பாடி வந்தவன் திமிறிக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். தொட்டால் பிடித்தவர்கள் எல்லோரும் வெளியே. பக்கத்தில் இருப்பவன் எப்போது பாய்வான் என்பது வாய்விட்டுச் சொல்லிவைத்துச் செய்கிற காரியமல்ல. பல மாதம் சேர்ந்து ஆடி உடம்புக்குத் தெரிய வேண்டியது.

மூன்று நிமிடம் மிச்சம், இரண்டு புள்ளி முன்னிலை என்ற கட்டத்தில் தெரிந்த அணி என்ன செய்யும்? பாடிப் போகிறவன் முப்பது நொடியையும் காலி செய்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவான். அப்படி இரண்டு முறை வெறுமனே போய்வந்தால் மூன்றாவது முறை புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அவுட். அதனால் எதிரணியின் மூன்றாவது பாட்டு எப்போது வருகிறது என்று எண்ணிக்கொண்டே நிற்பார்கள், அது வரும்வரை யாரும் அவசரப்பட்டு மேலே பாயமாட்டார்கள். தெரியாத அணியில் யாராவது ஒருவர் தனியாகப் பாய்வார். பிடி நழுவும், ஒரு புள்ளி போகும், ஓர் ஆள் வெளியே போவார். ஆள் குறையக் குறைய ஆல் அவுட் நெருங்கும். ஆல் அவுட் ஆனால் கூடுதலாக இரண்டு புள்ளி எதிரணிக்கு. இரண்டு புள்ளி முன்னிலை ஐந்து புள்ளிப் பின்னடைவாக மாற ஒரு நிமிடம் போதும்.

2017-ல் பாடிப் போவதில் தலைவாஸுக்குப் பெரிய குறையில்லை. தாகூர் 200 புள்ளிக்கு மேல் எடுத்தார். அவருக்குத் துணையாக 100-ஐத் தாண்டியவர் கே. பிரபஞ்சன். சேலம் மாவட்டத்துக்காரர். தாகூரைக் குறிவைத்து எதிரணி நிற்கும்போது இந்தப் பக்கம் புகுந்து புள்ளி எடுத்துவருவது அவர் வேலை. நம்மூர்ப் பையன் நம்ம அணியில் ஆடுகிறான் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்லிக்கொள்ள இருந்த ஒரே பெருமை அது.

அடுத்த சீசனுக்குத் தாகூர், அமித் ஹூடா, சி. அருண் ஆகிய மூவரை வைத்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிட்டார்கள். பிரபஞ்சனைக் குஜராத் எடுத்துக்கொண்டது. பாஸ்கரனுக்குப் பதில் இன்னொரு பாஸ்கரன் வந்தார்: கேரளத்தைச் சேர்ந்த எடச்சேரி பாஸ்கரன், 2015-ல் யு மும்பாவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். தற்காப்புக்கு மஞ்சீத் சில்லர், பாட்டுக்கு ஜஸ்வீர் சிங், சுகேஷ் ஹெக்டே. எல்லாம் பேர் பெற்ற ஆட்கள். விளம்பரத் தூதராக விஜய் சேதுபதி.

2018 தாகூருக்குக் கெட்ட வருடம். ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. 1990 பெய்ஜிங்கிலிருந்து ஆண்கள் கபடித் தங்கத்தை இந்தியா யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அந்த முறை அரையிறுதியில் ஈரானிடம் 27-18 என்று தோற்றது. கேப்டன் தாகூர். இரண்டு வருடம் முன்பு எந்த ஈரானைக் கவிழ்த்து நாயகனானாரோ அதே ஈரான். அந்தத் தோல்வி நடந்து ஆறு வாரத்தில் அவர் சென்னை ஜவஹர்லால் நேரு உள்ளரங்கில் தலைவாஸ் சட்டையோடு நின்றார்.

அக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமை. ஆறாவது சீசனின் முதல் ஆட்டம், எதிரில் நடப்புச் சாம்பியன் பாட்னா பைரேட்ஸ். தலைவாஸ் 42-26 என்று புரட்டிப்போட்டது. இந்த வருடம் நம்ம வருடம் என்று அன்று ராத்திரி நம்பாதவர்கள் குறைவு. அதற்குப் பிறகு சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னாலேயே தோல்வி மேல் தோல்வி. அந்தச் சென்னை வாரத்தில் பெங்களூரு புல்ஸ் வந்தது. அதுவரை பெரிதாகப் பேசப்படாத பவன் ஷெராவத் என்ற இளைஞரைப் பாட அனுப்பியது. அவர் ஒருவரே 20 புள்ளி எடுத்துவிட்டுப் போனார். தலைவாஸ் 48-37 என்று தோற்றது. புல்ஸ் அந்த சீசனில் கோப்பையையே தூக்கியது.

முடிவில் 5 வெற்றி, 13 தோல்வி, 4 சமன், 42 புள்ளி. ஆறுதல் புள்ளிகள் ஐந்துதான். முதல் வருடம் கரைக்குப் பக்கத்தில் மூழ்கிய அணி இரண்டாவது வருடம் நடு ஏரியில் மூழ்கியது என்று பொருள். தாகூர் மறுபடியும் 200 புள்ளியைத் தாண்டினார். ஒரே ஆள் அத்தனை புள்ளி எடுத்தும் அணி கடைசியில் கிடந்தால், கோளாறு எங்கே என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும். பிரபஞ்சனைக் கொண்டுபோன குஜராத், இரண்டாவது முறையாக இறுதி ஆட்டம் வரை போய் 38-33 என்று புல்ஸிடம் தோற்றது.

நிர்வாகம் 2019-க்கு என்ன செய்தது? பாடிப் போக இன்னொரு நட்சத்திரத்தை வாங்கியது. 94 லட்சம் ரூபாய்க்கு ராகுல் சவுத்ரி. ஆம், முதல் ஆட்டத்தில் எதிரே நின்ற அதே ராகுல். இதோடு மோஹித் சில்லர், ரன் சிங், ஷபீர் பாப்பு. தாகூரும் மஞ்சீத்தும் ஏற்கெனவே இருந்தார்கள். காகிதத்தில் அது ஓர் இந்திய அணி. ஆனால் அதில் முக்கியமானவர்கள் பலரும் முப்பதைத் தாண்டியவர்கள். கபடி மூன்று மாதம், 22 ஆட்டம், ஊர் ஊராகப் பயணம். முழங்காலுக்கும் தோளுக்கும் ஓய்வே கிடைக்காத ஆட்டத்தில் காகிதத்தை நம்பக்கூடாது. தாகூர் காயத்தால் பல ஆட்டங்களுக்கு வெளியே உட்கார்ந்தார்.

தொடக்கம் என்னவோ சர்க்கரையாக இருந்தது. ஜூலை 21 அன்று அதே ஹைதராபாத்தில், அதே தெலுங்கு டைட்டன்ஸை 39-26 என்று வென்றார்கள். ராகுல் தன் பழைய அணிக்கு எதிராக 12 புள்ளி எடுத்தார். நான்கு நாளில் தபாங் டெல்லியிடம் 30-29 என்று ஒரே புள்ளியில் தோல்வி. பழைய வியாதி திரும்பிவிட்டது. சீசனின் பின்பாதியில் வெற்றிக்குக் கடும் பஞ்சம். பயிற்சியாளர் பாஸ்கரன் நடுவிலேயே விலகினார், ஜே. உதயகுமார் வந்தார். இறுதிக் கணக்கு: 4 வெற்றி, 15 தோல்வி, 3 சமன், 37 புள்ளி. அந்த வருடம் பிரிவுகள் கிடையாது, 12 அணிக்கும் ஒரே பட்டியல். 12-வது இடம் தலைவாஸ். ஆறுதல் புள்ளிகள் எட்டு.

அந்த சீசனின் இறுதி ஆட்டம் 2019 அக்டோபர் 19 அன்று அகமதாபாத்தில். டெல்லியை 39-34 என்று வென்று பெங்கால் வாரியர்ஸ் முதன்முறையாகக் கோப்பையைத் தூக்கியது. கேப்டன் மணீந்தர் சிங் காயத்தால் ஆடவில்லை. கோப்பை வாங்கிய அந்த அணியில் இருந்தவர்களைப் பாருங்கள்: தற்காப்பில் தமிழ்நாட்டின் ஜீவகுமார்; தலைவாஸ் ஒரு வருடம் வைத்திருந்துவிட்டு விட்ட சுகேஷ் ஹெக்டே; பாடிப் போக நம் சேலத்துப் பிரபஞ்சன். தமிழ்நாட்டு அணி கடைசியில் முடித்த அதே வருடம் சேலத்துக்காரர் சாம்பியன், வங்காளத்துச் சட்டையில்.

வேறு அணிக்கு ஆடிய தமிழ்நாட்டுக்காரர் அவர் மட்டுமல்ல. தர்மராஜ் சேரலாதன் 2016-ல் பாட்னாவுக்குக் கேப்டனாக நின்று கோப்பை வாங்கியவர். தலைவாஸ் பிறந்த 2017-ல் அவர் புனேவில் இருந்தார், 2018-ல் மும்பையில், 2019-ல் ஹரியானாவுக்குக் கேப்டன். நாற்பதைத் தொட்ட பிறகும் கார்னரில் நின்று இளவட்டங்களின் காலைப் பிடித்துக்கொண்டிருந்த மனிதர். செல்வமணி 2017-ல் ஜெய்ப்பூருக்குப் போனார்.

இந்த இடத்தில் ஒரு எளிய தீர்ப்பு நாக்கு நுனிக்கு வந்து நிற்கும்: தமிழ்ப் பையன்களை எடுத்திருந்தால் ஜெயித்திருக்கலாம். அந்த நாட்களில் டீக்கடையிலும் முகநூலிலும் இதைத்தான் பேசினோம். எனக்கும் அதில் ஆசை உண்டு, ஆனால் அடுத்து நடந்தது அதை அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்ள விடவில்லை.

கொரோனாவால் ஒரு வருடம் தள்ளிப்போன எட்டாவது சீசன் 2021 டிசம்பரில் தொடங்கிப் பெங்களூரில் ஒரே ஓட்டலுக்குள், ரசிகர்கள் இல்லாமல் நடந்தது. பிரபஞ்சன் திரும்பி வந்திருந்தார். கேப்டன் சுர்ஜீத் சிங். தலைவாஸ் 11-வது இடம். 5 வெற்றி, 11 தோல்வி, 6 சமன். ஆறு ஆட்டத்தைச் சமனில் முடிப்பதற்கும் ஒரு தனித் திறமை வேண்டும்! கடைசி இடம் வராமல் காப்பாற்றியது தெலுங்கு டைட்டன்ஸ். அவர்கள் 22 ஆட்டத்தில் ஒன்றே ஒன்றில் வென்றார்கள். ஆக, சேலத்துக்காரர் வந்தும் அதிர்ஷ்டம் வரவில்லை. ஆனால் அந்த சீசனில் சாகர் ராத்தி என்ற ஹரியானா இளைஞர் வலது கார்னரில் 80-க்கு மேற்பட்ட பிடிப் புள்ளி எடுத்தார். தலைவாஸ் வரலாற்றில் திருப்பம் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அதைத்தான் சொல்வேன். அவரை விடாமல் வைத்துக்கொண்டார்கள்.

2022-ல் பழைய பழக்கம் மறுபடி தலைகாட்டியது. நான்கு வருடம் முன்பு சென்னையில் தங்களுக்கு எதிராக 20 புள்ளி எடுத்தாரே பவன் ஷெராவத், அவரை 2 கோடியே 26 லட்சத்துக்கு வாங்கினார்கள். அதுவரை புரோ கபடியில் யாருக்கும் தராத விலை. தங்களை அடித்தவனையே பிறகு விலைக்கு வாங்குவதில் இந்த அணிக்கு அப்படி என்ன மோகமோ. அக்டோபர் 8 அன்று குஜராத்துக்கு எதிராக முதல் ஆட்டம். எதிரணிக் கேப்டன் யார் தெரியுமா? தமிழ்நாட்டுச் சந்திரன் ரஞ்சித். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில் பவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அந்த சீசனில் அவர் திரும்ப வரவேயில்லை.

இதற்கு முந்தைய ஐந்து வருடத்தைப் பார்த்தவர்கள் அன்றே கணக்கை மூடியிருப்பார்கள். நடந்தது வேறு. கேப்டன் பொறுப்பு சாகர் கைக்கு வந்தது. பாடிப் போக நரேந்தர் கண்டோலா என்ற அறிமுக வீரர். அவர் முதல் சீசனிலேயே 200 புள்ளியைத் தாண்டினார். துணைக்கு அஜிங்க்ய பவார். இன்னொரு கார்னரில் சாஹில் குலியா. நடுவில் அஷன் குமார் பயிற்சியாளரானார். கோடி விலையாள் வெளியே, பேர் தெரியாத பையன்கள் உள்ளே. அந்த அணி முதன்முறையாகப் பிளே ஆஃப் போனது. உ.பி. யோதாஸுடன் எலிமினேட்டர் 36-36 என்று சமனாகி, டைபிரேக்கரில் 6-4 என்று வென்றது. கடைசி நிமிடத்தில் கைவிடுவதற்கே பேர்போன அணி, கடைசி நிமிடத்துக்கும் அப்பால் போய் ஜெயித்தது. அரையிறுதியில் புனேரி பல்தனிடம் 39-37 என்று தோற்றார்கள். இரண்டே புள்ளி.

பெரும்பாலும் ஹரியானாப் பையன்கள்தான். ஆகவே மண்ணின் மைந்தர் வாதம் இங்கே நிற்காது. ஒன்றாக நின்று பழகியவர்கள், முழங்கால் தேயாதவர்கள், தன் பெயரைக் காப்பாற்ற அல்ல, பெயர் எடுக்க ஆடியவர்கள். 2017-லிருந்து 2019 வரை தலைவாஸ் மூன்று தடவை ஏலத்துக்குப் போய் மூன்று புதுக் கூட்டத்தைக் கூட்டிவந்தது. ஒருவன் பாய்ச்சல் இன்னொருவனுக்கு அத்துபடியாவதற்குள் சீசன் முடிந்துவிட்டது. பிரபஞ்சனை 2018-ல் விடாமல் இருந்திருந்தால் என்ற கேள்வியை நான் ஊர்ப்பாசத்தில் கேட்கவில்லை. தாகூரோடு ஒரு வருடம் பாடிப் பழகியவரை விட்டுவிட்டுப் புது ஆளைத் தேடினார்களே என்ற ஆதங்கத்தில்தான் கேட்கிறேன்.

அந்த அரையிறுதி நிலைக்கவில்லை. பத்தாவது சீசனில் 9 வெற்றி, 13 தோல்வி, ஒன்பதாவது இடம். அஷன் குமார் போனார். பதினொன்றாவது சீசனுக்கு வியூகப் பயிற்சியாளராக வந்தவர் தர்மராஜ் சேரலாதன். ஏழெட்டு வருடம் கழித்து, ஆட்டக்காரராக அல்லாமல், கடைசியில் தமிழ்நாட்டு அணிக்கு வந்து சேர்ந்தார். அப்போதும் ஒன்பதாவது இடம்தான்.

அடுத்த பகுதியில் நியூயார்க் போகிறோம். நோபல் பரிசுக்காரர்களைக் குவித்த கொலம்பியா பல்கலைக்கழகம் 1983-லிருந்து 1988 வரை அமெரிக்கக் கால்பந்தில் 44 ஆட்டம் வரிசையாகத் தோற்றது. அங்கேயும் காசுக்குக் குறைவில்லை.